போட்டோஷாப் வாங்காமல் ஜெராக்ஸ் கடை போட்டோ வேலைகளை முடிக்க எது சரி?

கடைத்தெரு_கணினி:

எல்லோருக்கும் வணக்கம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று ஓடும் சின்னக் கடைக்காகக் கேட்கிறேன். கணினியில் 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி டிஸ்க். சந்தா கட்டி போட்டோஷாப் வைக்க வரும்படி இடம் கொடுக்காது. கிராக் போடவும் மனமில்லை. வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கி வேலை எல்லாம் அதே கணினியில்தான் நடக்கிறது.

வருகிற வேலைகள் இவை. பின்னணியை வெள்ளையாக்கி பாஸ்போர்ட் சைஸ் தாள் போட வேண்டும். விண்ணப்பத்துக்காகப் படத்தை 20–50 கேபிக்குள் கொண்டுவர வேண்டும். யாராவது கொண்டுவரும் பி.எஸ்.டி. (போட்டோஷாப்) கோப்பில் பெயர், தேதி மாற்றித் தர வேண்டும். அவ்வப்போது ஒரு பத்திரிகை, ஒரு ஃபிளெக்ஸ் டிசைன். பிரவுசரிலேயே முடிந்தால் நல்லது. தமிழ் எழுத்து குலையாமல் வருமா என்பதுதான் பெரிய கவலை.

பிக்சல்_துளி:

முதலில் ஃபோட்டோபியா என்ற, பிரவுசரில் ஓடும் எடிட்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும். இவான் குட்ஸ்கிர் என்ற நிரலாளர் எழுதியது, 2013 முதல் இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். விளம்பரத்தால் ஓடுவதால் வலப்பக்கம் ஒரு பட்டை விளம்பரம் இருக்கும், அவ்வளவுதான். மெனு, லேயர் பலகை, மாஸ்க், லேயர் ஸ்டைல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் போட்டோஷாப் இருக்கும் இடத்திலேயே இருக்கும். பழகிய கைக்குத் தடுமாற்றம் வராது.

உங்கள் கடைக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. வழக்கமான எடிட்டிங்குக்குப் படம் சர்வருக்கு ஏறாது, உங்கள் கணினியின் பிரவுசருக்குள்ளேயே வேலை நடக்கிறது. பின்னணி நீக்கித் தரும் ஒரு-கிளிக் தளங்கள் பல, படத்தைத் தங்கள் சர்வருக்கு வாங்கித்தான் வேலை செய்யும். அடுத்தவர் முகத்தையும் அடையாள அட்டையையும் கையாளும் கடையில் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கை பழக்கத்தால் வரும் ஒரு விபத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + டபிள்யூ அடித்தால் ஒரு கோப்பு மூடும். பிரவுசரில் டேபே மூடிவிடும், சேமிக்காத வேலை போய்விடும். கண்ட்ரோல் + டி அடித்தால் புது டேப் திறக்கும். ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்முக்கு இங்கே கண்ட்ரோல் + ஆல்ட் + டி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் பி.எஸ்.டி. கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் சைஸ் கணக்கு: 35 × 45 மி.மீ. என்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல். முதலில் கிராப் டூலில் அந்த அளவைக் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். பின்னணிக்கு குவிக் செலக்‌ஷனால் ஆளைத் தேர்வு செய்து, செலக்ட் > மாடிஃபை > கான்ட்ராக்ட் 1 பிக்சல், பிறகு ஃபெதர் 0.5 பிக்சல், அதன் பிறகு லேயர் மாஸ்க். கீழே ஒரு வெள்ளை லேயர். இந்த ஒரு பிக்சல் உள்ளே இழுப்பதை விட்டுவிட்டால், பழைய சுவரின் பச்சையோ நீலமோ தோள்பட்டையைச் சுற்றி நூல் போல நிற்கும். திரையில் அது தெரியாது, பிரிண்டில் பளிச்சென்று தெரியும். தலைமுடிக்கு மட்டும் ரிஃபைன் எட்ஜ் போட்டு ஓரத்தைத் தடவுங்கள். அழிப்பான் கொண்டு முடியை வெட்டினால் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும்.

தாளுக்கு 6 × 4 அங்குலம், 300 டிபிஐ, அதாவது 1800 × 1200 பிக்சலில் புதுக் கோப்பு. வரிசைக்கு நான்கு, இரண்டு வரிசை, மொத்தம் எட்டு படம். நடுவில் 30 பிக்சல் இடைவெளி விட்டாலும் இருபக்கமும் 29 பிக்சல் மிஞ்சும். வெட்டுவதற்கு வசதியாக ஒவ்வொரு படத்துக்கும் லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக் 1 பிக்சல், இன்சைடு, வெளிர் சாம்பல் கொடுங்கள்.

பிரிண்ட் கொடுக்கும்போது ஃபிட் டு பேஜை எடுத்துவிட்டு 100% அல்லது ஆக்சுவல் சைஸ் வையுங்கள். பார்டர்லெஸ் தேர்வு செய்தால் பிரிண்டர் தாளுக்கு வெளியே கொஞ்சம் வழியவிட்டு அடிப்பதற்காகப் படத்தையே சிறிது பெரிதாக்கும். 35 மி.மீ. படம் 36-ஐத் தாண்டுவது அதனால்தான். முதல் தாளை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை அடியுங்கள்.

வெள்ளைத்திரை:

20–50 கேபி வேலைக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதே 413 × 531 படத்தை ஃபைல் > எக்ஸ்போர்ட் ஆஸ் > ஜேபிஜி கொடுத்தால் வரும் பெட்டியில் குவாலிட்டி நகர்த்தியும், கோப்பு எவ்வளவு கேபி வரும் என்ற எண்ணும் இருக்கும். எண் 40 பக்கத்தில் வரும்வரை நகர்த்தி நிறுத்துங்கள். மொபைலில் எடுத்த 4000 × 3000 படத்தை அளவு குறைக்காமல் குவாலிட்டியை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கி 50 கேபிக்குள் திணிப்பவர்கள் நிறைய. முகம் கட்டம் கட்டமாக உடைந்து, விண்ணப்பமே நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. முதலில் பிக்சல் அளவைக் குறையுங்கள், குவாலிட்டியைப் பிறகு பாருங்கள்.

ஒவ்வொரு படமாகப் பார்த்துச் சுருக்க ஸ்குவூஷ் என்ற தளம் நல்லது. கூகுளின் குரோம் குழுவினர் வெளியிட்டது, அதுவும் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருங்கிய படம், நடுவில் இழுக்கும் கோடு. கண்ணின் கருவிழி ஓரத்தில் கோட்டை வைத்துப் பார்த்தால் எவ்வளவு கெடுகிறது என்று உடனே தெரியும்.

பி.என்.ஜி. கோப்பின் பெயரை மாற்றி கடைசியில் ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபிஜி ஆகாது. தளம் கோப்பின் உள்ளே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். ஐபோன் படங்களிலும் இதே கதை, ஹெச்.இ.ஐ.சி. வடிவில் வரும். திறந்து எக்ஸ்போர்ட் செய்துதான் மாற்ற வேண்டும்.

கையெழுத்துக்கு: வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனா, 300 டிபிஐ ஸ்கேன், கண்ட்ரோல் + எல் அடித்து லெவல்ஸில் வலது முக்கோணத்தைத் தாளின் சாம்பல் மறையும்வரை உள்ளே தள்ளுங்கள், இடது முக்கோணத்தை மையின் கறுப்பு ஏறும்வரை. பிறகு ஓரமாக வெட்டுங்கள்.

கடைத்தெரு_கணினி:

மிக்க நன்றி. தாள் கணக்கு அப்படியே சரியாக வருகிறது. அடுத்தது பி.எஸ்.டி. ஒரு பத்திரிகை கோப்பைத் திறந்தால் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. இன்னொரு கோப்பில் தமிழ் தெரிகிறது, ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே பிரச்சினையா?

எழுத்துரு_பித்தன்:

இரண்டும் வேறு வேறு. பிரித்துப் பார்த்தால்தான் தீர்வு கிடைக்கும்.

முதல் கோப்பு பாமினி அல்லது அதைப் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். ஜே விசையில் த, கே-யில் ம, பி-யில் இகரக் கொக்கி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளி. அதனால் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து எழுத்தாகத் தெரியும். நீங்கள் பார்ப்பது அதையேதான். கோப்பு கெடவில்லை, எழுத்துரு மட்டும் இல்லை. கோப்பைக் கொடுத்தவரிடம் அந்த எழுத்துருவின் டி.டி.எஃப். கோப்பை வாங்கி, ஃபோட்டோபியா சாளரத்தின் மேல் இழுத்துப் போடுங்கள், எழுத்துருப் பட்டியலில் சேர்ந்துவிடும். பிறகு அந்த லேயரைத் தேர்வு செய்து எழுத்துருவை மாற்றினால் போதும்.

பெயரைத் திருத்தும்போது கவனம் வேண்டும். பாமினி லேயருக்குள் இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடில் தட்டச்சினால் பாமினியில் அந்த எழுத்துகளே கிடையாது. வேறு எழுத்துரு நுழைந்து, ஒரே வரியில் இரண்டு கை எழுதிய மாதிரி தெரியும், அல்லது கட்டம் கட்டமாக வரும். புதுப் பெயரை யுனிகோடில் அடித்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்துமாற்றியில் பாமினிக்கு மாற்றி, அதை ஒட்டுங்கள். ‘கோ’ போன்ற எழுத்துகளை மாற்றிய பின் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் ஐந்நூறு பிரதியும் வீண்.

இரண்டாவது கோப்பு யுனிகோடு. இங்கே கோளாறு எழுத்துருவில் இல்லை, எழுத்தை அடுக்கும் இயந்திரத்தில். ‘கெ’ என்பதை யுனிகோடு ‘க’ முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாக உடைந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மூ’ போன்றவற்றுக்கு எழுத்துருவுக்குள் இருக்கும் விதியைப் படித்து ஒட்டிய வடிவத்தை எடுக்க வேண்டும். இந்த அடுக்கு வேலையைச் செய்யாத மென்பொருளில் எல்லாம் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும்.

எந்தச் செயலியை நம்புவதற்கு முன்னும், நீங்கள் பயன்படுத்தப் போகும் எழுத்துருவிலேயே இந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள்: ‘கெ கே கை கொ கோ கௌ கு கூ டு மூ ஸ்ரீ க்ஷ’. கொம்பு பின்னால் போனாலோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிந்தாலோ அந்தச் செயலியும் அந்த எழுத்துருவும் சேர்ந்து தமிழுக்கு ஆகாது. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் எழுத்தை வெளியே தயாரித்துக் கொண்டுவாருங்கள்.

அதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பரிந்துரைப்பேன். இலவசம், ஆனால் நிறுவ வேண்டும். அதிலும் ஜிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டரிலும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற அடுக்கு இயந்திரங்கள்தான் எழுத்தை அடுக்குகின்றன, தமிழ் சுத்தமாக வரும். இங்க்ஸ்கேப்பில் வரியை அடித்து, அளவும் இடைவெளியும் சரிசெய்து, பாத் > ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், இனி எந்தக் கணினியிலும் குலையாது. திருத்த முடியாது என்பதால் அதற்கு முன்னால் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.வி.ஜி.யாகச் சேமித்து ஃபோட்டோபியாவில் ஃபைல் > ஓப்பன் அண்ட் பிளேஸ். பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது.

எழுத்துருக்களுக்குத் திருட்டு சிடி தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பவனம், தலைப்புக்குத் தடித்த பலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார். எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, கடை வேலைக்கும் பயன்படுத்தலாம்.

வெள்ளைத்திரை:

நிறுவ முடியாத கணினி என்றால் ஒரு குறுக்கு வழி. கேன்வா என்ற டிசைன் தளத்தில் தமிழ் வரியை வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக அடித்து, பெரிய அளவில் பி.என்.ஜி.யாக இறக்குங்கள். பின்னணியில்லாத பி.என்.ஜி. அங்கே கட்டணப் பிரிவில் இருக்கிறது, ஆனால் நமக்கு அது வேண்டாம். ஃபோட்டோபியாவில் அதைப் படத்தின் மேல் வைத்து பிளெண்டிங்கை மல்டிப்ளை ஆக்குங்கள். வெள்ளை மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அடித்து, பிளெண்டிங்கை ஸ்கிரீன் ஆக்குங்கள்.

பிக்சல்_துளி:

ஜிம்ப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. அது அருமையான மென்பொருள், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்து, லேயர் மேல் போட்ட எஃபெக்டைப் பிறகு திருத்தவும் எடுக்கவும் முடிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பி.எஸ்.டி.யை அதில் திறந்தால் எழுத்து லேயர்கள் பெரும்பாலும் திருத்த முடியாத படமாக வரும், லேயர் ஸ்டைல்கள் பலவும் தொலையும். பெயர் மாற்றும் வேலைக்கு ஃபோட்டோபியாதான். பழைய போட்டோ கீறல் எடுப்பது, தமிழ் வரி போட்ட போஸ்டர் போன்றவற்றுக்கு ஜிம்ப்.

பிக்ஸ்லர் என்ற எடிட்டரும் பிரவுசரில் ஓடும், இலவசத்தில் நாளுக்குச் சில கோப்புகள்தான் சேமிக்க விடும். வரிசையாக ஆள் நிற்கும் கடைக்குச் சரிவராது. அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது, நல்ல சரக்கு. நிறுவ வேண்டும், கேன்வா கணக்கு வேண்டும். 4 ஜிபி ராமில் அதை முயல வேண்டாம்.

அச்சுக்கோப்பு:

பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் வருகிறேன். இரண்டிலும் அளவு போடும்போதே தவறினால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

பிரவுசர் எடிட்டர் ஒவ்வொரு லேயரையும் விரித்துத்தான் ராமில் வைக்கும். கணக்கு எளிது: அகலம் × உயரம் × 4 பைட். 10 × 8 அடி ஃபிளெக்ஸை 72 டிபிஐ-யில் போட்டால் 8640 × 6912 பிக்சல், முழு லேயர் ஒன்றுக்கே ஏறக்குறைய 239 எம்பி. ஐந்து லேயர் ஆனதும் உங்கள் 4 ஜிபி கணினியில் டேப் செத்துவிடும். அதையே 36 டிபிஐ-யில் போட்டால் 4320 × 3456, லேயருக்கு 60 எம்பி. ஃபிளெக்ஸைப் பதினைந்து இருபது அடி தள்ளி நின்று பார்ப்பார்கள், 36 போதும். ஆனால் அடியில் போடும் தொலைபேசி எண்ணும் ‘அன்புடன் அழைக்கும்’ பட்டியலும் உடையும். ஒரு அங்குல உயர எழுத்துக்கு 36 பிக்சல்தான் கிடைக்கும், கொம்பும் சுழியும் அதில் அடைத்துக்கொள்ளும். மிகச் சிறிய எழுத்தே இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல் பாருங்கள். பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் பெயர்களைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசுவதுதான் சரி, எழுத்தைச் சுருக்காதீர்கள்.

மேலே சொன்ன கணக்கே மொபைல் படத்துக்கும். 4000 × 3000 படம் ஒரு லேயருக்கு 48 எம்பி. டூப்ளிகேட் போட்டுக்கொண்டே போகாமல், தேவையில்லாத லேயரைச் சேர்த்துவிடுங்கள். இன்னொரு 4 ஜிபி ராம் போட இடமிருந்தால் சந்தாவுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அதற்குக் கொடுங்கள்.

பத்திரிகை 5 × 7 அங்குலம் என்றால் 300 டிபிஐ-யில் 1500 × 2100. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம் சேர்த்து 1571 × 2171 பிக்சலில் கோப்பு போடுங்கள். பின்னணி அந்த ஓரம்வரை ஓட வேண்டும், எழுத்து வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளேயே நிற்க வேண்டும். லேப் மெஷினில் டிஜிட்டல் பிரிண்ட் போடுபவர்கள் பலர் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான வழக்கமான நிறமுறை) ஜேபிஜியையே வாங்கிக்கொள்வார்கள், முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆஃப்செட் என்றால் எழுத்தைப் படத்துக்குள் போடவே போடாதீர்கள். திரையின் ஆர்ஜிபி கறுப்பை அச்சின் நான்கு மை நிறத்துக்கு மாற்றும்போது சிறிய எழுத்தும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கிலும் விழும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் நிற நிழல் தட்டும். படத்தை மட்டும் ஃபோட்டோபியாவில் முடித்து, ஸ்கிரிபஸ் என்ற இலவச பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்து, எழுத்தை அங்கே கறுப்பு 100%, மற்ற மூன்றும் 0 என்று கொடுங்கள். அச்சகத்துக்கான பி.டி.எஃப்./எக்ஸ் வடிவில் எக்ஸ்போர்ட் செய்யலாம். ஸ்கிரிபஸ் 1.6 பதிப்பாக இருக்கட்டும், பழைய 1.4-ல் தமிழ் குலையும். திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சையும் மின்சார நீலமும் மையில் மங்கித்தான் வரும். அந்த நிறத்தைக் காட்டி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்காதீர்கள்.

கடைத்தெரு_கணினி:

பாமினி விஷயம் சரியாகிவிட்டது, டி.டி.எஃப். வாங்கிப் போட்டதும் எல்லாப் பெயரும் வந்துவிட்டன. கடைசியாக ஒன்று: வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் பெரிதாக்கினால் மங்கலாக இருக்கின்றன. இதைத் தெளிவாக்க வழி உண்டா?

வெள்ளைத்திரை:

போன தெளிவு ஷார்ப்பன் போட்டால் திரும்பாது, தோலில் மணல் தூவியது போல ஆகும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவைக் குறைத்துச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும். ஆண்ட்ராய்டில்: அட்டாச் குறி > டாக்குமெண்ட் > படத்தைத் தேர்வு. இந்த மூன்று படியையும் ஒரு தாளில் பெரிதாக அடித்து, உங்கள் எண்ணோடு கவுண்ட்டர் முன்னால் ஒட்டிவிடுங்கள்.